சுர்மோ இடித்த உப்பு

கூர்க்காப் படையையும் சீக்கியப் படையையும் ஒரே காலைப்பொழுதில், ஒரு கைப்பிடி உப்பை வைத்துக்கொண்டு தோற்கடித்தவள் எங்கள் வீட்டுப் பெண். பெயர் சுர்மோ. என் மாமனாருக்குப் பாட்டியின் பாட்டி. காங்ராக் கோட்டைச் சண்டையைப் பற்றி எழுதிய பெரிய மனிதர்கள் லாகூர் மகாராஜாவை எழுதினார்கள், கூர்க்காத் தளபதியை எழுதினார்கள், கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த எங்கள் ராஜாவையும் எழுதினார்கள். இவளை மட்டும் விட்டுவிட்டார்கள்.

"ஆரம்பமே பொய்யா அண்ணி?" என்கிறாள் என் நாத்தனார் பிஷ்னோ. எதிரே உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருக்கிறாள். சுர்மோ அவள் பிறந்த வீட்டு மூதாட்டி, நான் வாழ வந்த வீட்டு மூதாட்டி. உரிமையில் அவள் ஒரு படி மேல். வாயில் நான் ஒரு படி மேல்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். கைப்பிடி இல்லை, ஒரு மூட்டை. அந்த மூட்டையும் எங்களுடையது இல்லை. தோற்கடித்தாள் என்பதையும் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். அந்தக் காலையில் இரண்டு படையும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. நகர்ந்தவை எங்கள் ஆடுகள். ஆனால் அவற்றை நகர விடாமல் பிடிக்க இரண்டு படையாலும் முடியவில்லை என்பது சத்தியம். அதற்குத் தோல்வி என்று பெயர் இல்லையென்றால் வேறு என்ன பெயர் என்று அந்தப் பெரிய மனிதர்களே சொல்லட்டும்.

சுர்மோ கணவாய்க்கு அந்தப் பக்கம் பிறந்தவள். அப்பன் வீட்டில் ஆடு குறைவு, பெண்கள் அதிகம். அதனால் ஆண்பிள்ளை செய்கிற வேலை எல்லாம் இவள் தலையில் விழுந்தது. இரண்டு விரலை வாயில் வைத்து அவள் சீட்டியடித்தால் தௌலாதார் மலையின் பனி ஒரு முழம் சரியும். இதிலும் நாலு விரற்கடை குறைத்துக்கொள்ளுங்கள். லேஹ்ருவுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். லேஹ்ரு நல்லவன். அதிகம் பேசமாட்டான், குழல் ஊதுவான். வீட்டில் பேச்சு எல்லாம் மாமனார் மங்க்தூவுடையது.

மங்க்தூவின் இடுப்பில், சுற்றிச் சுற்றிக் கட்டிய கறுப்புக் கம்பளிக் கயிற்றில், குட்டித்தோலில் தைத்த ஒரு பை தொங்கும். உப்புப் பை. மலையில் ஆடு மேய்க்கிற எங்கள் சனத்தில் மந்தைக்குப் பெயரே தனம்தான். அந்தத் தனம் யாருடையது என்பதை ஆட்டின் காதில் வெட்டிய குறி சொல்லாது, உப்புக் கொடுக்கிற கை சொல்லும். பலகைக் கல்லைப் பரப்பி, உப்புக் கட்டியை அதன் மேல் வைத்து இடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் போதும், எந்த மேட்டில் நின்றாலும் ஆடு ஓடிவரும். இடிக்கிற கையை அதற்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்தக் கை எப்போதும் மூத்த ஆண்பிள்ளையின் கை. மங்க்தூவின் அப்பன், அவன் அப்பன், அப்படியே மேலே போனால் பரமசிவன்வரை போகும் என்று மங்க்தூ சொல்வானாம்.

அந்த வருஷம் குளிர்காலத்துக்குக் கீழ் மலையில் இறங்கியிருந்தபோது, ஆட்டுக்குத் தழை வெட்ட மரம் ஏறிய லேஹ்ரு கிளையோடு கீழே வந்தான். கால் முறிந்தது. மங்க்தூவுக்கு ஏற்கெனவே வலது தோள் பிடித்துக்கொண்டு கை மேலே எழாது. உப்பு இடிக்க ஆள் இல்லை.

"குடுங்க மாமா, நான் இடிக்கிறேன்" என்றாள் சுர்மோ.

"பொம்பளை கையால உப்பா? நம்ம வீட்டுல நடந்ததில்லை."

"உங்க கை நடந்து வந்து இடிக்குமா, சொல்லுங்க. நான் தள்ளி நிக்கிறேன்."

மங்க்தூ ரொம்ப நேரம் யோசித்து ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தான். ஒவ்வொரு தடவையும் பையிலிருந்து உப்பை அவனே எடுத்துக் கொடுப்பான். அவள் இடிப்பாள். மிச்சத்தைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். "இடிக்கிறது நீ. குடுக்கிறது நான்தான், தெரிஞ்சுக்க" என்று ஊரறியச் சொன்னான். ஊர் ஒத்துக்கொண்டது. ஆடுகளுக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை. பனி விலகி வெயில் ஏறுவதற்குள், சுர்மோ தும்மினால்கூட மந்தை மொத்தமும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கோடை பிறந்ததும் மேலே ஏற வேண்டும். மழை பிடிப்பதற்குள் கணவாயைத் தாண்டாவிட்டால், கீழ்ச் சேற்றில் செம்மறிக்குக் குளம்பு அழுகும், அட்டை உறிஞ்சும், பாதி மந்தை போய்விடும். ஏறுகிற வழி காங்ராப் பள்ளத்தாக்கு வழியாக. அங்கேதான் நாலு வருஷமாகச் சண்டை. கோட்டையைச் சுற்றி நேபாளத்துக் கூர்க்காக்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ராஜா பட்டினி, வெளியே அவர்களும் அரைப் பட்டினி. வாய்க்கால் உடைந்து, வயல் எல்லாம் புல் முளைத்து, குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக ஓடிவிட்டிருந்தார்கள். இப்போது ராஜா கூப்பிட்டாரென்று லாகூர்ச் சீக்கியப் படையும் வந்து எதிரே கூடாரம் போட்டிருந்தது. புத்தியுள்ள இடையர்கள் எல்லாரும் மேற்கே சுற்றிக்கொண்டு போனார்கள்.

மங்க்தூ போகவில்லை. ஷிப்பு என்கிற குடியானவனுக்கு, நாற்று நடுவதற்கு முன்னால் உன் வயலில் கிடை போடுகிறேன் என்று போன வருஷம் வாக்குக் கொடுத்திருந்தான். ஆட்டுப் புழுக்கை அவனுக்கு, அதற்கு ஈடாகத் தானியம் நமக்கு.

"மாமா, அங்க சண்டை நடக்குது" என்றாள் சுர்மோ.

"அது ராஜாக்களோட சண்டை. நான் ஷிப்புவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஷிப்பு அங்க இருக்காரான்னு தெரியுமா?"

"அவன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வயல் அங்கதானே இருக்கும்?"

இதற்கு மேல் ஒரு மருமகள் என்ன சொல்ல முடியும்? முறிந்த காலோடு லேஹ்ருவைக் கோவேறு கழுதையில் ஏற்றி, மாமியாரோடு மலையடிவாரத்துக்கு முன்னால் அனுப்பிவிட்டு, மாமனாரும் மருமகளும் இரண்டு நாய்களுமாக மந்தையை ஓட்டிக்கொண்டு ஷிப்புவின் வயலுக்குப் போனார்கள்.

ஷிப்பு இல்லை. வீட்டுக்குக் கூரையும் இல்லை, யாரோ விறகுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வயலில் முழங்கால் உயரம் புல். மங்க்தூ அசரவில்லை. முள் வெட்டி, வேலி கட்டி, ஆட்டை உள்ளே விட்டு, ஆளில்லாத வயலுக்கு வாக்குத் தவறாமல் கிடை போட்டான். "பயிர் வைக்காத வயலுக்கு எரு போட்ட ஒரே ஆள் உலகத்துலயே நீங்கதான் மாமா" என்றாள் சுர்மோ. "சொன்ன வாக்கு சொன்னதுதான்" என்று மீசையைத் தடவிக்கொண்டான் அவன்.

விடிந்து பார்த்தால் வேலியைச் சுற்றிக் கூர்க்காக்கள். அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விரட்டிப் பிடிக்க வேண்டாம், கட்டி வைக்க வேண்டாம், பட்டி போட்டுத் தயாராக வைத்துக் காத்திருக்கிறார்கள். சிறுத்தைக்குப் பயந்து கழுத்தில் முள் பட்டை கட்டிய எங்கள் நாய்கள் பாய்ந்தன. சுர்மோ அவற்றின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், இல்லாவிட்டால் வெட்டியிருப்பார்கள். மந்தை மொத்தத்தையும் ஓட்டிக்கொண்டு போய், தங்கள் முகாமுக்குக் கீழே ஒரு படிவயலில் அதேபோல முள்வேலி போட்டு அடைத்தார்கள். வாசலுக்கு ஒரு பெரிய முள்கிளை.

மங்க்தூ அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் காரணம் கண்டுபிடித்தான்.

"பொம்பளை கை பட்ட உப்பு. அன்னைக்கே நினைச்சேன்."

சுர்மோவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் தாள் கருகிவிடும். "மந்தையைத் தின்னது உங்க வாக்கு மாமா, என் கை இல்லை" என்றாள். "மந்தை திரும்பி வந்தா என்ன சொல்லுவீங்க?"

"வந்தா பார்க்கலாம்."

"வந்தா, பை எனக்கு."

மங்க்தூ பையைக் கையால் மூடிக்கொண்டான். அதில் ஒரு பருக்கை உப்பும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். உப்பு வருகிற மண்டி ஊர் வழியைச் சண்டை அடைத்துப் பல நாளாகிவிட்டது.

அவள் நேரே கூர்க்கா முகாமுக்கு நடந்தாள். பட்டிக்குக் காவல் இருந்தவன் கஜ்பீர் என்கிற ஜமேதார், சின்னப் படை அதிகாரி. குள்ளமான ஆள். நாலு வருஷ முற்றுகையில் வற்றி, உடுப்பு உடம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அது எங்க ஆடு."

"நேத்துவரைக்கும் உங்க ஆடு தங்கச்சி. இன்னைக்கு சர்க்கார் ஆடு."

"சர்க்கார் இதுக்கு எப்ப தழை வெட்டிப் போட்டுச்சு?"

கஜ்பீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாப் பேசுறே. எங்கம்மாகூட இப்படித்தான் பேசுவா. லம்ஜுங்ல எங்க வீட்டுலயும் செம்மறி இருக்கு. ஆனா நான் என்ன செய்ய? மேல இருந்து உத்தரவு. இன்னைக்கு ஏகாதசி, அதனால தலை தப்பிச்சுது. நாளைக்கு வெயில் ஏறினதும் வெட்டு."

"எல்லாத்தையுமா?"

"எத்தனை வாய் இருக்குன்னு நீயே பாரு."

பட்டிக்குள் ஆடுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. கஜ்பீர் காதைக் குடைந்துகொண்டான். "என்னத்துக்கு இப்படிக் கத்துது? புல்லு போட்டாச்சு, தண்ணி காட்டியாச்சு."

"உப்புக்குக் கத்துது. உப்பு கண்டு எத்தனை நாளாச்சு!"

"நாங்களும்தான் கண்டு எத்தனையோ நாளாச்சு. உப்பில்லாக் கஞ்சி குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு" என்றான் கஜ்பீர். காய்ந்து கிடந்த ஓடைக்கு எதிர்ப்பக்கம், சீக்கியக் கூடாரங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "அவன்கிட்ட மூட்டை மூட்டையா இருக்காம்."

சுர்மோவும் அந்தப் பக்கம் பார்த்தாள். கூடாரங்களைப் பார்த்தாள், அதற்குப் பின்னால் ஏறுகிற மேட்டைப் பார்த்தாள், மேட்டுக்குப் பின்னால் மலை பிளந்து நிற்கிற குறுகிய பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு, "வரேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடையில் இறங்கினாள்.

சீக்கியக் காவல்படைக்குத் தலைவர் சர்தார் வசாவா சிங். மூன்று கஜ்பீர்களைச் சேர்த்துக் கட்டினால் எப்படியோ அப்படி இருந்தார். தாடி நெஞ்சை மூடியிருந்தது. அவர் குதிரை அவரைவிடக் கொழுப்பு.

"ஒரு மூட்டை உப்பு குடுங்க சர்தார்ஜி. அந்தப் பட்டியில இருக்கிற ஆடு அத்தனையும் இந்தக் கரைக்கு வரும்."

"எப்படி வரும்? நடந்தா, பறந்தா?"

"உப்புக்கு வரும்."

"வந்து? எனக்கென்ன?"

"நாளைக்குக் கூர்க்காவுக்குச் சோறு இல்லை. அது போதாதா உங்களுக்கு?"

சர்தார் தாடியை நீவினார். அவர் மனக்கண்ணில் ஆட்டுக்கறி கொதிப்பது முகத்தில் தெரிந்தது. "ஆடு இந்தக் கரைக்கு வந்தா எங்க ஆடுதானே?"

"உங்க உப்பைத் தின்னுட்டு நிக்கும். நீங்க கூப்பிட்டு எது எது வருதோ, அது உங்களோடது. நான் கூப்பிட்டு வர்றது என்னோடது. சரியா?"

முகாமே சிரித்தது. உப்பைத் தின்றவன் எசமானை விடமாட்டான் என்பது படைக்காரனுக்கு வேதம். அவர்கள் எல்லாரும் லாகூர் உப்பைத் தின்று லாகூருக்கு உயிரை விட வந்தவர்கள். "பேச்சுன்னா பேச்சு!" என்று சர்தார் தொடையில் தட்டினார். "உப்பைப் பொடியா தரச் சொல்லவா?"

"வேண்டாம், கட்டியா குடுங்க."

கொடுத்தார்கள். மண்டியிலிருந்து வருகிற எங்கள் கறுத்த உப்பு இல்லை. கீழ்நாட்டு உப்பு, குழந்தையின் கன்னம்போல இளஞ்சிவப்பு. அதைச் சுர்மோவும் மங்க்தூவும் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். "கண்ட உப்பு" என்று மங்க்தூ வழி முழுக்க முணுமுணுத்தான். கூடாரங்களுக்குப் பக்கத்தில் நல்ல சமதரை இருந்தது, அங்கேயே போடச் சொன்னார் சர்தார். "அங்க மண்ணு சர்தார்ஜி. மண்ணுல போட்டா நக்காது" என்றாள் சுர்மோ. உப்புக்கு ஏங்கின ஆடு மண்ணிலும் நக்கும், சாம்பலிலும் நக்கும். சர்தாருக்கு அது தெரியாது.

அவள் பலகைக் கல் பரப்பியது மேட்டின் உச்சியில், பள்ளத்தின் வாசலில். மங்க்தூ சுற்றும் முற்றும் பார்த்தான்.

"இங்கயா? கீழ ஓடை காய்ஞ்சு கிடக்கு. தண்ணி அந்தப் பள்ளத்துக்குள்ள மேல போனாத்தானே இருக்கு?"

"ஆமா மாமா."

மங்க்தூ மருமகளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அதற்குப் பிறகு 'கண்ட உப்பு' என்று அவன் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் மலை முகட்டில் பட்டதும் சுர்மோ கல்லைக் கையில் எடுத்தாள். கீழே சர்தாரும் குதிரைக்காரர்களும் தலைப்பாகை கட்டிக் கல்யாணம் பார்க்க வந்தவர்கள்போல நின்றார்கள். எதிர்க்கரையில் கூர்க்காக்கள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. சுர்மோ நினைத்துப் பார்த்தாள், வராவிட்டால்? மந்தை போகும். மந்தை போனால் லேஹ்ருவும் மாமனாரும் மாமியாரும் யாரோ வீட்டு ஆட்டை மேய்க்கப் போகவேண்டும். பெண் கை பட்டதால் போன தனம் என்று ஏழு தலைமுறைக்குச் சொல்வார்கள்.

ஓங்கி இடித்தாள்.

டக்.

எதிர்க்கரையில் ஒரு கத்தல் நின்றது. டக். இன்னும் நாலு நின்றன. டக், டக், டக். பட்டி முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கத்தி தீட்டினவர்கள் கையை நிறுத்தி, என்ன ஆயிற்று இந்த ஆடுகளுக்கு என்று எழுந்து நின்றார்கள். சுர்மோ கல்லைக் கீழே வைத்தாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

அந்தச் சீட்டிக்கு அன்றைக்குக் கோட்டைச் சுவரில் ஒரு கல் உதிர்ந்தது என்று நான் சொல்வது வழக்கம். பிஷ்னோ பக்கத்தில் இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் சாகும்வரை சொன்னார்கள். மந்தை மொத்தமும் சிறுத்தைக் கூட்டம்போல எழும்பி, ஆள் உயர முள்வேலியைத் தாண்டிக் குதித்தது! வெள்ளாடு, செம்மறி, குட்டி, கிழடு, ஒன்று பாக்கியில்லை. கூர்க்காக்கள் "பிடி! பிடி!" என்று இங்கும் அங்கும் ஓடினார்கள். ஒருவன் ஒரு கிடாவின் கொம்பைப் பிடித்தான், அது அவனையும் இழுத்துக்கொண்டு பாதி ஓடைவரை வந்தது. நடுவில் ஜமேதார் கஜ்பீர் மட்டும் கையில் ஒரு பெரிய முள்கிளையைப் பிடித்தபடி, வாயைப் பிளந்துகொண்டு மரம்போல நின்றானாம். சாம்ராஜ்யத்தை விரித்த படை, பாவம், என்ன செய்வதென்று தெரியவில்லை.

புழுதி கிளம்பியது. ஓடையில் இறங்கி, ஓடையில் ஏறி, சீக்கியக் குதிரைகளின் கால்களுக்கு நடுவே புகுந்து, மந்தை மேட்டில் ஏறியது. குதிரைகள் மிரண்டு, தலைப்பாகைகள் இரண்டு மூன்று அவிழ்ந்தன. ஆடுகள் கல்லில் வாய் வைத்தன. அதற்குப் பிறகு நக்குகிற சத்தம் மட்டும்தான்.

சர்தார் மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தார். "பொண்ணே, நீ மந்திரக்காரி! சரி, இப்ப என் முறை." ஒரு கட்டி உப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா ராஜா, வா கண்ணு, வா" என்றார். முன்கிடா ஒன்று வந்தது. உப்பை நக்கியது, உள்ளங்கையை நக்கியது, வேர்வை உப்புக்காக மணிக்கட்டை நக்கியது. குனிந்தபோது தாடியையும் விடவில்லை. கீழே குதிரைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாத்தியா? வந்துடுச்சு! இது லாகூர் ஆடு!"

"உங்க கையில உப்பு இருக்கு, அதான் நிக்குது சர்தார்ஜி. தீரட்டும், அப்புறம் கூப்பிடுங்க."

உப்புத் தீர்ந்தது. கல்லைக் கண்ணாடிபோல நக்கி முடித்தன. வெயில் ஏறிவிட்டது. அத்தனை நாள் இல்லாமல் இருந்து, ஒரே மூச்சில் அவ்வளவு உப்பைத் தின்றால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. உதட்டைச் சுழற்றின. மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தன. பள்ளத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. அதில் தண்ணீர் வாசம் இருந்தது.

சுர்மோ பள்ளத்தின் வாசலில் போய் நின்று, சின்னதாக ஒரு சீட்டி அடித்தாள். அவ்வளவுதான்.

"வா ராஜா! வா கண்ணு! ஏய்!" என்று சர்தார் தொண்டை கட்டுகிறவரை கூப்பிட்டார். ராஜாவும் கண்ணும் அவர் காலை மிதித்துக்கொண்டு ஓடின. குதிரைக்காரர்களை ஏவினார். பள்ளத்தின் வாசலில் வீட்டளவு பாறைகள், ஆட்டுத் தடம் மட்டும்தான் உண்டு. அந்தக் கொழுத்த குதிரைகள் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. எங்கள் நாய்கள் கடைசி ஆட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டின.

சர்தார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். கோபப்படுவார் என்று மங்க்தூ நடுங்கினான். அவரோ வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தனை குதிரை வெச்சிருக்கேன், ஒரு சீட்டி என்கிட்ட இல்லாம போச்சே! ஏய் பொண்ணே, பேச்சுன்னா பேச்சு. கூட்டிட்டுப் போ. நீ யார் வீட்டுப் பொண்ணு?"

சுர்மோ மேலே பாறையில் நின்று கத்தினாள். "மாமா அங்கதான் இருக்காரு, அவரைக் கேளுங்க!"

மங்க்தூ கல் பக்கத்தில் தனியாக நின்றான். பரமசிவன்வரை போகிற அத்தனை ஆண்பிள்ளைகளையும் மனதுக்குள் ஒருமுறை கும்பிட்டானோ என்னவோ. பிறகு நெஞ்சை நிமிர்த்தினான்.

"என் மருமக" என்றான். "எங்க வீட்டுல உப்புக் குடுக்கிறவ."

இடுப்பிலிருந்த பையை அவிழ்த்து, தோள் பிடித்துக்கொண்ட வலக் கையை விட்டுவிட்டு மற்றக் கையால் மேலே வீசினான். சுர்மோ அதை ஒற்றைக் கையில் பிடித்தாள்.

மழை பிடிப்பதற்குள் அவர்கள் கணவாயைத் தாண்டிவிட்டார்கள். உச்சியில் கடவுளுக்குக் கொடி கட்டும்போது, கம்பை ஊன்றிக்கொண்டு வந்த லேஹ்ரு குழல் ஊதினான். கீழே மழைக்காலத்தில் பெரிய சண்டை நடந்தது. கூர்க்காக்கள் சட்லெஜ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனார்கள். கோட்டை லாகூருக்குப் போயிற்று, ராஜாவுக்கு மீதிப் பள்ளத்தாக்கு கிடைத்தது. யாருக்கு என்ன கிடைத்தது என்று அவர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு எங்கள் தனம் கிடைத்தது, அதில் வாதம் இல்லை.

சுர்மோ பல்லெல்லாம் போகிறவரை வாழ்ந்தாள். பல் போன பிறகும் சீட்டி போகவில்லை. அவள் மருமகளுக்குப் பையைக் கொடுத்தாள், அந்த மருமகள் தன் மருமகளுக்கு. எங்கள் வீட்டில் உப்புப் பை இன்றைக்கும் பெண்கள் இடுப்பில்தான் தொங்குகிறது. என் இடுப்பிலும் தொங்கியது. மந்தை ஏறுகிற வழியில், அந்தப் பள்ளத்தின் வாசலில், எங்கள் ஆடுகள் இன்றும் தாமாகவே நின்று ஒரு பலகைக் கல்லை மோந்து பார்க்கும். இரண்டு படைகளின் வாயிலிருந்து மந்தையை மீட்டாள் சுர்மோ. ஒரே ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

"குறைஞ்சுது அண்ணி" என்கிறாள் பிஷ்னோ. நூற்பதை நிறுத்திவிட்டாள். "ஒண்ணு குறைஞ்சுது. வெள்ளாடு வேலி தாண்டும், சரி. செம்மறி எந்த ஊர்ல அண்ணி ஆள் உயரம் குதிச்சுது? அந்த ஜமேதார் கையில முள்கிளை எப்படி வந்துச்சாம்? அது பட்டி வாசல்ல இருந்த கிளை. சீட்டி கேட்டதும் அவன்தான் இழுத்துத் திறந்து விட்டான். சுர்மோ மேட்டுல இருந்து பார்த்தா. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள, நல்ல கொழுத்த கிடா ஒண்ணை மாமனார்கிட்டக் குடுத்து, அந்தப் பட்டி வாசல்லயே கட்டிட்டு வரச் சொன்னா. அவரும் வாயே திறக்காம போயிக் கட்டிட்டு வந்தாரு. 'ஏகாதசி முடிஞ்சுது, அண்ணன் சாப்பிடட்டும்'னா. அதையும் எழுதுங்க."